இரண்டாவது காத்திருப்பு உறுப்பினர்

இராணுவ நீதிமன்றம் ஒன்றில் என்னை நியமித்திருப்பதாகக் கடிதம் வந்த நேரத்தில், வெள்ளவத்தையில் என்னுடைய பல் கிளினிக்கில் ஓர் ஆசிரியை வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். கடிதம் கொண்டுவந்த கோப்ரல் கையெழுத்து வாங்காமல் போகமாட்டேன் என்று வாசலில் நின்றார். ஆசிரியையை அப்படியே விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, கையெழுத்துப் போட்டேன். வாசித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. என்னை உறுப்பினராகப் போடவில்லை. காத்திருப்பு உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். அதிலும் இரண்டாவது.

நான் முழுநேரப் படைக்காரன் அல்ல. தொண்டர் படைப் பிரிவொன்றில் பல் வைத்தியன். வருடத்தில் சில வாரங்கள் சீருடை போட்டுக்கொண்டு சிப்பாய்களின் பல்லைப் பார்ப்பேன், மிச்ச நாட்களில் கொழும்பின் காலி வீதிக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் சீருடை இல்லாமல் பல்லைப் பார்ப்பேன். ஏன் படையில் சேர்ந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் நாட்டுப்பற்று என்று சொல்வேன். உண்மை வேறு. இளவயதில் எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். சீருடையில் ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் பெண்வீட்டார் உடனே சம்மதிப்பார்கள் என்று என் மாமா ஒருவர் அடித்துச் சொன்னார். பெண்வீட்டார் படத்தை வைத்துக்கொண்டு பெண்ணை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சீருடை மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பதவி உயர்வுக்கான பயிற்சிகளுக்கு ஒருநாளும் போகாததால், ஐம்பதைத் தாண்டியும் கப்டனாகவே இருந்தேன்.

கடிதத்தோடு ஆறு பக்கத்துக்கு ஓர் இணைப்பு இருந்தது. காத்திருப்பு உறுப்பினர் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்ற விதிகள். செய்யவேண்டியவை அரைப்பக்கம். மன்றம் கூடுவதற்கு முன்பே, முழுச் சடங்கு உடையில், பதக்கங்களோடு வந்து இருக்கவேண்டும். ஐந்து உறுப்பினர்களில் யாராவது வரமுடியாமல் போனாலோ, குற்றம் சாட்டப்பட்டவர் யாரையாவது வேண்டாம் என்று ஆட்சேபித்து அதை மன்றம் ஏற்றுக்கொண்டாலோ, அந்தக் கதிரையில் காத்திருப்பவர் போய் உட்காரவேண்டும். ஐவரும் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டால் காத்திருப்பவர் வீட்டுக்குப் போகலாம். அதற்குப் பிறகு ஒருவர் நோயில் விழுந்தாலும் சரி, செத்தாலும் சரி, மாற்று ஆள் எடுக்க முடியாது. தேவையான நேரத்தில் இல்லாமலும் தேவையில்லாத நேரத்தில் பதக்கத்தோடும் இருப்பதற்கென்றே இப்படி ஒரு பதவியை யாரோ யோசித்து உண்டாக்கியிருந்தார்கள்.

என் மனைவிதான் கிளினிக்கில் பெயர் பதிவதும் நேரம் கொடுப்பதும். அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன, எங்கயோ கலியாணத்துக்குக் கூப்புட்டீக்கா?”

“கோர்ட் மார்ஷல். நான் மெம்பர் இல்ல, வெயிட்டிங் மெம்பர்.”

“அப்பிடியெண்டா?”

“ஆள் கொறஞ்சா நான் ஒக்காரோணும். எல்லாரும் ஈந்தா ஊட்டுக்கு வரலாம்.”

அவர் முன்னறையில் வரிசையாக இருந்தவர்களைப் பார்த்தார். “அப்ப இவங்களப் போலதான் நீங்களும். இவங்களுக்குப் பல்லு வலிசரி ஈக்கி. ஒங்களுக்கு அதும் இல்ல.”

மன்றம் கூடும் நாளில் பின்னேரத்துக்குப் பதிந்திருந்த யாருடைய நேரத்தையும் மாற்றவேண்டாம் என்று சொன்னேன். காலையில் போய்ப் பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கொழும்புக்குள்ளேயே ஒரு முகாமில், பூப்பந்து விளையாடும் மண்டபத்தைத்தான் நீதிமன்றமாக்கியிருந்தார்கள். தரையில் கோடுகள் அப்படியே இருந்தன. நீண்ட மேசைக்குப் பச்சைத் துணி விரித்து ஐந்து கதிரைகள் போட்டிருந்தார்கள். காத்திருப்பு உறுப்பினர்களுக்கு, பின்சுவரோடு இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். முதலாவது காத்திருப்பு உறுப்பினர் ஒரு மேஜர். அவருக்கு இது நான்காவது தடவையாம்.

“ஒருநாளும் கூப்பிட்டதில்ல டொக்டர்,” என்று என் காதில் சொன்னார். “வந்து இருப்போம், தேத்தண்ணி குடிப்போம், போவோம். சப்பாத்த மட்டும் மினுக்கிக்கொண்டு வந்தாச் சரி.”

அங்கே எல்லாம் சிங்களத்திலேயே நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன். எங்கள் நாட்டு நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். படைக்கு அது மிகவும் வசதியான சொல். எதிரி உள்ளே வந்தார். நாற்பதுகளின் நடுவில் இருந்த ஒரு சார்ஜன்ட், கொட்டாஞ்சேனைக்காரர், வாகனப் பிரிவில் சாரதி. வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள், கழுத்தில் போடும் சின்ன வெள்ளிச் சுரூபம் ஒன்று சட்டைப் பொத்தான் இடைவெளியில் தெரிந்தது. மேசையிலிருந்த ஐவரையும் பார்த்தார். பிறகு சுவரோடு இருந்த எங்களைப் பார்த்தார். என்னில் அவருடைய பார்வை கொஞ்சம் அதிகமாக நின்றது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வழக்கு இதுதான். அதிகாரிகளின் மனைவிமார் களனி விகாரைக்குப் போய்ப் பிக்குமாருக்குத் தானம் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். சமைத்த சாப்பாட்டோடு அவர்களைப் படையின் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகும்படி வாகனப் பிரிவின் மேஜர் சார்ஜன்டுக்குக் கட்டளையிட்டார். பஸ்ஸின் பிரேக் எண்ணெய் ஒழுகுகிறது, உதிரிப்பாகம் கேட்டு மூன்று தடவை எழுதியும் வரவில்லை, இதை வீதியில் எடுக்கமாட்டேன் என்று சார்ஜன்ட் மறுத்தார். சட்டபூர்வமான கட்டளையை மீறியது முதல் குற்றச்சாட்டு. மேஜர் சத்தம் போட்டபோது, “கும்பிடப் போறவங்க போய்ச் சேரவும் வேணும்தானே சேர்” என்று சொன்னாராம். மேலதிகாரியிடம் அவமரியாதையாகப் பேசியது இரண்டாவது குற்றச்சாட்டு.

விதிப்படி முதலில் எதிரியிடம் கேட்கவேண்டும்: இந்த மன்றத்தின் தலைவரோ உறுப்பினர்களோ உங்களை விசாரிப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? வழக்கமாக எல்லாரும் இல்லை என்று சொல்வார்களாம். என் பக்கத்தில் இருந்த மேஜர் தன் தொப்பியைக் கையில் எடுத்துப் புறப்படத் தயாராகியே விட்டார்.

சார்ஜன்டுக்காக வாதாட ஓர் இளம் பெண் கப்டன் வந்திருந்தார். சட்டம் படித்தவர். அவர் எழுந்து, “ஆட்சேபம் உண்டு,” என்றார்.

முதல் ஆட்சேபம் ஒரு லெப்டினன்ட் கேணலுக்கு எதிராக. அவருடைய மனைவி அந்த பஸ்ஸில் இருந்திருக்கிறார். அவருக்கு மறுக்க வழியில்லை. மற்ற நால்வரும் கூடிப் பேசி ஏற்றுக்கொண்டார்கள். அவர் எழுந்து போக, என் பக்கத்து மேஜர் பேயறைந்த முகத்தோடு அந்தக் கதிரைக்குப் போனார்.

இரண்டாவது ஆட்சேபத்தைக் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று அந்த பஸ் வேறொரு சாரதியோடு போனது. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் களனிக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டுக்குப் பிறகு பிக்குமார் சாப்பிடமாட்டார்கள். கொண்டுபோன சோறும் கறியும் அப்படியே முகாமுக்குத் திரும்பி வந்து, அதிகாரிகளின் சாப்பாட்டறையில் முடிந்தது. மேசையில் இருந்த இன்னொரு மேஜர் அதைச் சாப்பிட்டவர், ஆகவே இந்தச் சம்பவத்தால் நன்மை அடைந்தவர், ஆகவே பக்கச்சார்பற்றவர் அல்லர் என்று பெண் கப்டன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்.

“சாப்பிட்டது உண்மையா?” என்று தலைவர் கேட்டார். அவர் ஒரு கேணல். மெலிந்த, பொறுமை குறைந்த மனிதர்.

“உண்மை சேர். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.”

தலைவர் கொஞ்ச நேரம் மேசைத் துணியைப் பார்த்தார். அந்தச் சாப்பாட்டை அவரும் சாப்பிட்டிருக்கிறார் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது.

மூன்றாவது, வாகனங்கள் ஓடத் தகுதியானவை என்று மாதாமாதம் கையெழுத்துப் போடும் ஒரு கப்டனுக்கு எதிராக. அந்த பஸ்ஸுக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். தன் கையெழுத்தைத் தானே விசாரிக்க முடியாது என்று அவரும் போனார்.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எனக்குப் பின்னால் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

கதிரையில் போய் உட்கார்ந்தபோது பின்னேரம் வரவிருந்த நோயாளிகளின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தலைவர் சார்ஜன்டிடம், “கப்டன் டொக்டர் உங்களை விசாரிப்பதில் ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டார். கேட்கும்போதே சத்தியப்பிரமாணத் தாளைக் கையில் எடுத்துவிட்டார். பல் வைத்தியனுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

பெண் கப்டன் சார்ஜன்டைப் பார்த்தார். சார்ஜன்ட் நேரே முன்னால் பார்த்தபடி, தானே பதில் சொன்னார்.

“உண்டு சேர். இந்த டொக்டர் என்னுடைய பிழையான பல்லைப் பிடுங்கினார்.”

பூப்பந்து மண்டபங்களில் கூரை உயரம். சத்தம் மேலே போய்த் திரும்பி வரும். ‘பிழையான பல்’ என்பது எனக்கு இரண்டு தரம் கேட்டது.

அப்போதுதான் அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. முகத்தைப் பார்த்து அல்ல. பேசும்போது வாயின் வலப்பக்கம் கொஞ்சம் உள்ளே விழுவதைப் பார்த்து.

யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் ஒரு முகாமில் நான் பல் பார்க்கப் போயிருந்தேன். கூடாரம், ஜெனரேட்டர், வெளியே வரிசை. மத்தியானத்துக்குப் பிறகு எந்த வாய் யாருடையது என்ற கணக்கே எனக்கு இருக்கவில்லை. அவருக்குக் கீழ்த்தாடையில் வலப்பக்கம் கடைசிக்கு முந்திய பல் சொத்தை. ஊசி போட்டு அந்தப் பக்கம் முழுவதும் விறைத்துவிட்டது. நான் பிடுங்கியது அதற்கு முன்னால் இருந்த பல்லை. குறட்டில் அது வந்தபோதே தெரிந்துவிட்டது. இரண்டு வேரும் வெள்ளை வெளேர் என்று, பாடப்புத்தகத்துக்குப் படம் எடுக்கலாம் போல இருந்தது. “இதும் கெட்டதுதான். பக்கத்ததயும் எடுக்கோணும்” என்று சொல்லி, சொத்தைப் பல்லையும் பிடுங்கினேன். அவர் இரண்டையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வாய் விறைத்திருந்ததால் குழறிக்கொண்டு, “தேங்க் யூ சேர்,” என்றார்.

விதி என்ன சொல்கிறதென்றால், ஆட்சேபிக்கப்பட்ட உறுப்பினர் விரும்பினால் விளக்கம் தரலாம். தந்துவிட்டு வெளியே போகவேண்டும். மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். இன்னொரு விதியும் இருந்தது. உறுப்பினர் ஐந்துக்குக் குறைந்தால் மன்றம் கலையும். எனக்குப் பிறகு சுவரோடு யாரும் இல்லை.

ஆக, வீட்டுக்குப் போவதற்கு எனக்கு ஒரு பெரிய கதவு திறந்திருந்தது. ஓம், பிழையான பல்தான் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். பகல் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தைக்குப் போயிருக்கலாம். காலையிலிருந்து நான் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

“டொக்டர், அப்படி நடந்ததா?” என்று தலைவர் கேட்டார். அவருடைய முகத்தில் ஒரு வகைக் கெஞ்சல் இருந்தது. மன்றம் கலைந்தால் எல்லாக் கடிதங்களையும் திரும்ப எழுதவேண்டியது அவர்தான்.

“என்னுடைய பதிவுகளில் அப்படி எதுவும் இல்லை சேர்,” என்றேன்.

அது பொய் என்று சொல்ல முடியாது. பதிவே இல்லை. ஆகவே பதிவில் எதுவும் இல்லை.

பெண் கப்டன் விடவில்லை. “பதிவைப் பற்றிக் கேட்கவில்லை டொக்டர். பிடுங்கியது சரியான பல்லா, பிழையான பல்லா?”

நான்கு அதிகாரிகள் என்னைப் பார்த்தார்கள். அதில் இருவர் என்னிடம் பல் பார்க்க வருபவர்கள். இன்னும் ஒருவருடைய மனைவிக்கு அடுத்த கிழமை நேரம் கொடுத்திருந்தேன்.

“இரண்டுமே கெட்ட பற்கள். இரண்டையும் எடுக்கவேண்டியிருந்தது.”

இது முழுப் பொய். சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு மாமரத்தின் கீழ் நின்றேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது என்று தலைவர் சந்தோஷமாக அறிவித்தார். பிறகு என் முன்னால் பச்சைத் துணி சுற்றிய குர்ஆனை வைத்தார்கள். பக்கச்சார்பில்லாமல், உண்மையின்படி விசாரிப்பேன் என்றும், வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்பதை ஒருநாளும் வெளியே சொல்லமாட்டேன் என்றும் சத்தியம் செய்தேன். கைகால் கழுவி ஒளுச் செய்யாமல் அதைத் தொட்டது எனக்கு உறுத்தியது. அப்போது உறுத்தியது அது மட்டும்தான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

வழக்கு நான்கு நாள் நடக்கும் என்றார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது பொழுது விழுந்து மஃரிப் தொழுகை நேரம். மனைவி கிளினிக்கைப் பூட்டிவிட்டு, எத்தனை பேர் வந்து திட்டிவிட்டுப் போனார்கள் என்பதை வரிசைப்படி சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். என்னுடைய விளக்கத்தைக் கொஞ்சம் செப்பனிட்டுத்தான் சொன்னேன்.

“நெசமாவே பல்ல மாத்திப் புடுங்கினீங்களா?” என்று கேட்டார்.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

“புடுங்கீக்கிறீங்க,” என்றார். “அத அங்கயே செல்லீந்தா நல்ல மனுசன் எண்டும் பேரு, பகலைக்கு ஊட்டுலயும் ஈந்தீப்பீங்க. பொய்யச் செல்லி நாலு நாள் மறியல்ல அடைபட்ட ஒரே ஆள் நீங்கதான்.”

மற்ற மூன்று நாளும் நான் சார்ஜன்டுக்கு நேரெதிரே இருந்தேன். தேநீர் இடைவேளையில் அவருக்கும் பிஸ்கட் கொடுப்பார்கள். அவர் அதை இடப்பக்கத்தால் மட்டும் கடித்தார். தண்ணீர் குடிக்கும்போதும் தலையை இடப்பக்கம் சாய்த்தார். மற்ற உறுப்பினர்கள் சாட்சிகளின் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாட்சியங்கள் விநோதமாக இருந்தன. முறைப்பாட்டுத் தரப்பின் பெரிய வாதம், பஸ் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்தது, ஆகவே பிரேக் நன்றாக இருந்தது என்பதுதான். வாகனப் பிரிவின் மேஜர் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அடுத்ததாக, அந்த பஸ்ஸை ஓட்டிய சாரதியைக் கூப்பிட்டார்கள். அவர் ஓர் அப்பாவி.

“எப்படி ஓட்டினீர்கள்?” என்று பெண் கப்டன் கேட்டார்.

“மெதுவாக, மேடம்.”

“எவ்வளவு மெதுவாக?”

“ஒரு கிழவர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார்.”

“ஏன்?”

சாரதி மேஜரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். பிறகு, “பிரேக் இல்லைதானே மேடம்,” என்றார். கியரையும் கைப்பிரேக்கையும் வைத்தே களனிவரை போயிருக்கிறார். பாலத்தில் ஏறும் முன் மனைவிமாரை இறக்கி நடக்கவிட்டிருக்கிறார். சாப்பாட்டுச் சட்டிகளை மட்டும் பஸ்ஸிலேயே விட்டாராம். அதனால்தான் பன்னிரண்டு மணி தாண்டியது. தானம் தப்பிப்போன வெட்கத்தில், பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டு, மறுநாள் காலையிலேயே சார்ஜன்ட் மீது குற்றப்பத்திரம் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மேஜரிடம், “சார்ஜன்ட் சொன்ன வசனத்தில் எது அவமரியாதை?” என்று கேட்டார்கள்.

“வசனத்தில் ஒன்றும் இல்லை. சொன்ன விதம்.”

“எந்த விதம்?”

மேஜர் அதைச் சொல்லிக் காட்ட முயன்றார். மூன்று தரம் முயன்றார். ஒவ்வொரு தரமும் அது நல்ல புத்திமதி போலவே ஒலித்தது. தலைவர் கடைசியில், “போதும், உட்காருங்கள்,” என்றார்.

நான்காம் நாள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஐவர் மட்டும் தீர்ப்பைப் பற்றிப் பேசினோம். விதிப்படி பதவியில் மிகவும் இளையவர்தான் முதலில் தன் கருத்தைச் சொல்லவேண்டும். பெரியவர்கள் முதலில் சொன்னால் சின்னவர்கள் பயந்து அதையே சொல்வார்களாம். ஐவரில் வயதில் மூத்தவன் நான். பதவியில் கடைசி. ஆகவே நரைத்த தலையோடு நான் முதலில் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று எழுத முடியாது. மற்ற நால்வரும் என்ன சொன்னார்கள் என்றும் எழுத முடியாது. சத்தியம் இருக்கிறது. வெளியே வாசித்துக் காட்டியதை மட்டும் எழுதலாம். கட்டளையை மீறிய குற்றச்சாட்டில் சார்ஜன்ட் குற்றவாளி அல்ல. அவமரியாதையாகப் பேசிய குற்றச்சாட்டில் குற்றவாளி. தண்டனை, கண்டனம். அதாவது அவர் பஸ்ஸை எடுக்காதது சரி. ஏன் எடுக்கவில்லை என்று வாயைத் திறந்து சொன்னதுதான் பிழை. தலைவர் அதை வாசிக்கும்போது சார்ஜன்ட் அசையாமல் நின்றார். பிறகு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். வாகனப் பிரிவின் மேஜருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவரை வேறொரு முகாமுக்கு மாற்றினார்கள் என்றும், அங்கே அவருக்கு இதைவிட நல்ல பஸ்கள் கிடைத்தன என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த சில மாதங்கள் என் கைக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பல்லைப் பிடுங்கும் முன் நோயாளியிடம் கண்ணாடியைக் கொடுத்து, இதுதானே, இதுதானே என்று கேட்கத் தொடங்கினேன். வாய் விறைத்த பிறகும் கேட்டேன். சிலர் பயந்து, வேறு டொக்டரிடம் போய்விட்டார்கள். ஒருநாள் மனைவி, “இப்பிடி ஊரெல்லாம் கேக்கிறத்துக்கு அந்த ஆள்ட்டயே போய்ச் செல்லிட்டு வாங்கொ,” என்றார்.

சார்ஜன்ட் படையிலிருந்து ஓய்வுபெற்று, ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் வேலை செய்வதாக அறிந்து, ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். லொறிகள் உள்ளே வருவதையும் போவதையும் ஒழுங்குபடுத்துவது அவருடைய வேலை. மஞ்சள் மேலங்கியும் கையில் ஒரு விசிலுமாக நின்றார். என்னைக் கண்டதும் கை சல்யூட்டுக்குப் போய்ப் பாதியில் இறங்கியது.

“அய்யோ சேர், நீங்களா? ஹெல்மெட் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்க. இல்லாட்டி செக்கியூரிட்டி என்னைத்தான் கத்துவான்.”

எனக்குக் கொஞ்சம் சின்னதான ஒரு ஹெல்மெட் கிடைத்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு கொள்கலன்களுக்கு நடுவில் நின்று, வழியெல்லாம் தயார்செய்த பேச்சைத் தொடங்கினேன். அது வரவில்லை. நேரடியாகவே சொன்னேன்.

“அண்டைக்கி கோர்ட்டுல நீங்க செல்லினது சரி. நல்ல பல்லத்தான் நான் புடுங்கினேன்.”

“தெரியும் சேர். என்ட வாய்தானே.”

“தெரிஞ்சும் அந்த நேரத்துல ஏன் ஒண்டும் செல்லல்ல?”

“சொல்லி? நீங்க திரும்பப் பூட்டிவிடவா போறீங்க?” சிரித்தார். “கோபம் வந்திச்சிதான். ரெண்டு வருசமா எலும்பு கடிக்க முடியல்ல. ஆனா கோர்ட்டில நான் அதுக்காகச் சொல்லல்ல சேர். எனக்காகப் பேசின மேடம்தான் யோசனை குடுத்தாங்க. அஞ்சு பேருக்குக் குறைஞ்சா கோர்ட் கலைஞ்சிரும், திரும்பக் கூட்ட மாசக்கணக்கு ஆகும், அதுக்குள்ள என்ட சேர்விஸ் முடிஞ்சிரும், முடிஞ்ச ஆளப் பிடிச்சு இழுக்கிற கரைச்சலுக்கு ஒருத்தரும் போகமாட்டாங்க எண்டு. அதால முதல்நாள் இரவிரவா உங்க ஏழு பேர்லயும் என்ன பிழை பிடிக்கலாம் எண்டு லிஸ்ட் போட்டோம். உங்கட பேர் கடைசி. பல் டொக்டர்ல என்னத்தப் பிடிக்கிற எண்டு மேடம் கையை விரிச்சிட்டாங்க. நான்தான் சொன்னேன், இந்தா இருக்கு எண்டு.”

வாயைத் திறந்து விரலால் காட்டினார். நான் பார்க்காமல் இருக்க முயன்றும் பார்த்தேன். பக்கத்துப் பல் இடைவெளியில் சரிந்திருந்தது.

“அப்ப நான் உண்மையச் செல்லீந்தா?”

“நானும் அன்னைக்கே வீட்டுக்கு. கண்டனமும் இல்ல, ஒண்டும் இல்ல. அந்தக் கண்டனம் இப்பவும் என்ட பைல்ல இருக்கு சேர்.” அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. சும்மா தகவலாகச் சொன்னார். அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

அவர் கொஞ்சம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்டு கேக்கவா சேர்? ரெண்டாவது குற்றத்துக்கு நீங்க எந்தப் பக்கம் சொன்னீங்க?”

“அதச் செல்ல ஏலாது. சத்தியம் பண்ணீக்கேன்.”

“சரி சேர். அந்தச் சத்தியத்திலயும் ஒரு பாதியச்சரி காப்பாத்துங்க.”

கிளினிக்குக்கு வாருங்கள், சரிந்த பல்லை நிமிர்த்தி, இடைவெளிக்கு இரண்டு பல்லும் கட்டித் தருகிறேன், ஒரு சதமும் வேண்டாம் என்று சொன்னேன். முழு மனதோடுதான் சொன்னேன்.

“பரவாயில்ல சேர். நான் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க ஒரு லேடி டொக்டர் இருக்காங்க, சின்ன வயசு. எந்தப் பல்லு எண்டு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் ஊசி போடுவாங்க.”

பின்னால் ஒரு லொறி ஹோன் அடித்தது. அவர் விசிலை வாயில் வைத்தார், இடப்பக்கமாக. கையை அசைத்து, அசைத்து, அந்த நீளமான லொறியை இரண்டு கொள்கலன்களுக்கு நடுவே ஓர் அங்குலம் பிசகாமல் பின்னுக்கு எடுப்பித்தார். நான் வழியில் நிற்கிறேன் என்று கையைக் காட்டினார். ஒதுங்கிக்கொண்டேன்.